குன்றின்மேல் பூசான் சிக்னல்

எல்லாத் தப்பும் என்மேல்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அதை என் அக்கா வாயால் நீங்கள் கேட்கவேண்டாம். குடும்பத்தில் மூன்று பேரின் போனையும் மலிவு நிறுவனத்துக்கு மாற்றியது நான். தேமாதோ தீவுக்குக் கப்பல் டிக்கெட் போட்டது நான். போகிற இடத்தில் இணையம் வேண்டுமே என்று ஒரே ஒரு முட்டையை வாடகைக்கு எடுத்ததும் நான்.

முட்டை என்றால் கோழி முட்டை இல்லை. உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கருவி. வெளிநாட்டில் அதைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் கூட வருகிறவர்கள் எல்லோருடைய போனுக்கும் அதிலிருந்து இணையம் வரும். எங்கள் ஊரில் அதை முட்டை என்றுதான் சொல்வோம். மூன்று பேரும் தனித்தனியாக ரோமிங் போட்டு எவனுக்கோ கொட்டிக் கொடுப்பதைவிட, மூன்று பேருக்கு ஒரு முட்டை போதும் என்று முடிவு பண்ணினேன். ஒரே குறை, முட்டை வைத்திருப்பவரை விட்டு நாற்பது அடி தள்ளிப் போனால் இணையம் அறுந்துவிடும். அதனால் என்ன, குடும்பம் என்றால் சேர்ந்துதானே நடக்கவேண்டும் என்று நான் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன்.

என் பெயர் கும்ஜு. தென்கொரியாவின் பூசான் சந்தையில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வகைகள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. அக்கா இன்சுக்குக்கு அந்தப் பொறுமை இருந்தது, அவள் புருஷனுக்கு இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்பே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருப்பது ஒரே மகள், நாரே. படித்தால் கால்நடை மருத்துவம், இல்லாவிட்டால் எதுவுமே வேண்டாம் என்று பிடிவாதமாக மூன்றாவது முறையாக நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். இதற்கு மேல் நாலாவது தடவை எழுத மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அன்று கடையில் வேலையே ஓடவில்லை.

இந்த முறை தேறினாள் என்றும் சொல்ல முடியாது, தவறினாள் என்றும் சொல்ல முடியாது. காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாம் எண். முதலில் இடம் கிடைத்தவர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் இங்கே காலியாகும். காலியாக ஆக, பட்டியலில் இருப்பவர்களை வரிசையாகப் போனில் கூப்பிடுவார்கள். எடுத்து, சேருகிறேன் என்று சொன்னால் இடம் நம்முடையது. கொடுத்த ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று தடவை அடித்தும் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடைசி நாள் மாலை ஆறு மணியோடு எல்லாம் முடிந்துவிடும். போன வருஷம் அந்தத் துறையில் ஐந்தாம் எண்ணோடு நின்றுவிட்டது. அதற்கு முந்தின வருஷம் நாலு.

விண்ணப்பத்தில் தொடர்புக்கு மூன்று எண்கள் கேட்பார்கள். ஒன்றில் ஆள் அகப்படாவிட்டால் இன்னொன்றில் அகப்படட்டும் என்றுதான். நாரே தன் எண்ணை எழுதினாள், அம்மா எண்ணை எழுதினாள், மூன்றாவதாக என் எண்ணை எழுதினாள். அப்பன் எண்ணை எழுத எங்கள் யாருக்கும் கை வரவில்லை. அந்த மூன்று எண்களின் சொந்தக்காரிகளும் கடைசி நாளில் ஒன்றாகக் கப்பல் ஏறிப் போவார்கள் என்று விண்ணப்பம் அச்சடித்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஏன் போனோம் என்று கேட்பீர்கள். புதன்கிழமை வரை நாலாம் எண்தான் வந்திருந்தது. நாரே மூன்று நாளாகச் சாப்பாட்டு மேசையில் போனை வைத்து அதை முறைத்துக்கொண்டே சோறு தின்றாள். குளிக்கப் போனால்கூட போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்குக் கிளம்புறோம், வெந்நீர்க் குளியல், கடல், ஒரு ராத்திரி தங்கல் என்றேன்.

“கூப்பிட்டாங்கன்னா என்ன சித்தி பண்றது?” என்று கேட்டாள் நாரே.

“முட்டை இருக்குல்ல. எங்க போனாலும் போன் வேலை செய்யும்டி” என்றேன்.

நான் சொன்ன இந்த ஒரு வாக்கியத்தை அக்கா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

வியாழக்கிழமை காலை ஒன்றே கால் மணி நேரக் கப்பல். ஜப்பான்காரர்கள் அந்தத் தீவை சுஷிமா என்பார்கள். பூசான்காரர்களுக்கு அது கொல்லைப்புறம் மாதிரி. கப்பலிலேயே மூன்று போனையும் ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, முட்டையை இணைத்தேன். அரட்டையெல்லாம் மழை மாதிரி வந்து விழுந்தது. நாரே மீன் படம் அனுப்பினாள், அக்கா சர்ச் சபைக்காரர்களுக்குக் கடல் படம் அனுப்பினாள், நான் கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் நெத்திலி தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அவ்வளவு நன்றாக வேலை செய்ததுதான் வினையாகப் போயிற்று. எங்கள் மூன்று பேருடைய போன் எண்ணும் செத்துக் கிடக்கிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை.

துறைமுகத்தில் மூன்று மின்சார சைக்கிள் எடுத்துக்கொண்டோம். கடற்கரை பார்த்தோம், ஊடான் நூடுல்ஸ் தின்றோம், மூன்றரை மணிக்கு வெந்நீர்க் குளியலுக்குப் போனோம். நாலரைக்கு வெளியே வந்து நான் தலையைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். அக்கா காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாரே துண்டோடு பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தவள், அப்படியே எழுந்து நின்றுவிட்டாள்.

“சித்தி, ஏழுக்கு வந்துருச்சு.”

“என்னடி ஏழு?”

“ஏழாம் நம்பருக்குப் போன் வந்துருச்சாம். இன்னைக்கு மத்தியானத்துல மட்டும் மூணு பேர் இடத்த விட்டுட்டாங்களாம்.”

காத்திருப்போருக்கு என்று ஓர் அரட்டை அறை உண்டு. யார் பெயரும் யாருக்கும் தெரியாது, அவரவர் பட்டியல் எண்தான் அங்கே பெயர். அஞ்சு, ஆறு, ஏழு என்று எழுதிக்கொள்வார்கள். நாரேக்கு அங்கே ஒன்பது என்று பெயர்.

“அப்ப எட்டு?” என்றாள் அக்கா. எண்ணெய்க் கையோடு எழுந்துவிட்டாள்.

“எட்டு வேற எடத்துல சேர்ந்தாச்சாம்மா. இங்க கூப்பிட்டா வேணாம்னு சொல்லிருவேன்னு எழுதியிருக்காங்க.” நாரே போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அடுத்தது நான்தான்.”

மூன்று வருஷம். மூன்று நவம்பர்த் தேர்வு. காலை நாலு மணிக்கு எழுந்து அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாக்கள். எல்லாம் இப்போது ஒரு போன் மணி அடித்தால் முடிந்துவிடும் என்று நினைத்தபோது கத்தவேண்டும்போல் இருந்தது. சுற்றி நாலு ஜப்பான்காரிகள் அரைகுறை உடுப்போடு நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் அக்கா கேட்டாள். சாந்தமாகத்தான் கேட்டாள், அவள் எப்போதும் அப்படித்தான்.

“ஏண்டி கும்ஜு, போன்ல கூப்பிட்டா இதுல மணி அடிக்குமா?”

நான் போனைப் பார்த்தேன். மேலே சின்னதாக விமானப் படம். அதை எடுத்தேன். ஒரு நிமிஷம் தேடிவிட்டு ‘சேவை இல்லை’ என்று வந்தது. அக்கா போனிலும் அதே. நாரே போனிலும் அதே. மலிவு நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்து படித்தேன். ரோமிங் வேண்டுமானால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னதாக விண்ணப்பிக்கவேண்டுமாம்.

“சித்தி, நீங்கதானே வேலை செய்யும்னு சொன்னீங்க” என்றாள் நாரே. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உடனே கடைப் பெண்ணை அரட்டையில் பிடித்து, பல்கலைக்கழகத்தைக் கூப்பிட்டு நாங்கள் இங்கே மாட்டியிருப்பதைச் சொல்லச் சொன்னேன். அவள் விடாமல் அடித்தாள். அடித்துவிட்டு, பிஸியாவே இருக்குக்கா, பிஸியாவே இருக்குக்கா என்று எழுதிக்கொண்டே இருந்தாள். கொரியாவில் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாம் அந்த ஒரே எண்ணைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. குளியல் கூடத்து முகப்பில் இருந்த போனை இரந்து வாங்கி நானும் அடித்துப் பார்த்தேன். பிஸி.

“கும்ஜு” என்றாள் அக்கா மறுபடியும். “போன வருஷம் சபைக்காரங்களோட வந்தேன்ல. வானியுரா குன்று மேல ஒரு மண்டபம் இருக்குமே, அங்க நின்னு பூசானப் பாத்துக்கிட்டு இருந்தப்ப என் போன் தானா அடிச்சுச்சு. உப்புக்காரன் கூப்பிட்டான். நம்ம ஊர் சிக்னல்தான் கடல் தாண்டி வருதுன்னு வழிகாட்டி சொன்னாரு.”

“அத ஏன் முன்னாடியே சொல்லலை?”

“நீ எங்க பேச விட்ட?”

மணி நாலு அம்பது. குன்று அங்கிருந்து ஏழு கிலோமீட்டர், பாதிக்கு மேல் ஏற்றம். பேருந்து காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, அவ்வளவுதான். டாக்ஸிக்குக் கேட்டால் நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். தலை ஈரத்தோடு சைக்கிளுக்கு ஓடினோம்.

நாரே ஏறுவதற்கு முன் அவசரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

“யாருக்குடி எழுதுற?”

“பத்து கேட்டாங்க, வந்துச்சான்னு. சொன்னேன்.”

“என்ன சொன்ன?”

காட்டினாள். ‘தேமாதோவுல இருக்கேன். போன் வேலை செய்யலை. வானியுரா குன்று மேல பூசான் சிக்னல் வருமாம். சைக்கிள்ல போறேன். அஞ்சே முக்காலுக்குள்ள போயிருவேன்’ என்று மூச்சு விடாமல் எழுதியிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உனக்கு மூளை இருக்காடி? நீ எடுக்கலைன்னா இடம் யாருக்குப் போகும்? பத்துக்குத்தானே? அதுகிட்ட போய், நான் எடுக்க முடியாத எடத்துல இருக்கேன்னு ஒப்பிச்சிருக்க. இப்ப அது வீட்டுல உக்காந்து கும்பிட்டுக்கிட்டு இருக்கும், இவ சைக்கிள் பஞ்சர் ஆகணும்னு.”

“பத்து அப்படி இல்ல சித்தி. மூணு வாரமா பேசிக்கிட்டு இருக்கோம்.”

“இடம் காலியாகாத வரைக்கும் எல்லாரும் நல்லவங்கதான். மிதி.”

பிப்ரவரிக் காற்று எதிரே அடித்தது. ஈரத் தலை விறைத்துப்போயிற்று. முதல் மூன்று கிலோமீட்டர் மூவரும் ஒன்றாகப் போனோம். என் கைப்பையில் முட்டை, அதனால் நாரே போனில் அரட்டை வந்துகொண்டிருந்தது. ஒரு வளைவில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள், “எட்டுக்கு வந்துருச்சாம். வேணாம்னு சொல்லிட்டாங்களாம்.” மணி ஐந்து எட்டு. அப்படியென்றால் இந்த நிமிஷமே யாரோ ஒருவர் ஒன்பதாம் எண்ணை அடித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் மூன்று போனும் எங்கள் பைகளில் கல்லாகக் கிடந்தன.

ஏற்றம் தொடங்கியதும் என் சைக்கிள் மக்கர் பண்ணியது. காலையிலிருந்து நான்தான் மோட்டாரை முழுவேகத்தில் வைத்து, அவர்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு விளையாடினேன். இப்போது பேட்டரியில் ஒரு கோடுதான். அக்காவோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கும் பின்னால் வந்தாள்.

“நீ போ” என்றேன் நாரேயிடம். “எங்களுக்காக நிக்காத.”

“முட்டை?”

“மேல போனா பூசானே கிடைக்கும், முட்டை எதுக்கு? போடி.”

போனாள். அந்தப் பெண் சைக்கிள் மிதிப்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். மூன்று வருஷமாக நாற்காலியில் குனிந்தே உட்கார்ந்திருந்தவள், சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். இரண்டு வளைவுக்குள் மறைந்துவிட்டாள்.

நான் தள்ளிக்கொண்டு நடந்தேன். சைக்கிளைத் திட்டினேன், மலிவு நிறுவனத்தைத் திட்டினேன், பத்தாம் எண்ணைத் திட்டினேன். கடைசியில் திட்ட யாரும் மிச்சமில்லாமல் என்னையே திட்டிக்கொண்டேன். ஐந்து முப்பது. ஐந்து நாற்பது. அக்கா எங்கோ கீழே ஒரு புள்ளியாக வந்துகொண்டிருந்தாள். வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து சைக்கிளை அப்படியே தரையில் சாய்த்தேன். அங்கிருந்து மண்டபத்துக்கு இன்னும் படிக்கட்டும் சரிவுமாக ஏறவேண்டும். பாதி படி ஏறி மூச்சு வாங்க நின்றபோது சட்டைப் பையில் போன் ஒருமுறை துடித்தது. எடுத்துப் பார்த்தால் மேலே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் எங்கள் ஊர் நிறுவனத்தின் பெயர். தவறிய அழைப்பு ஒன்று என்று ஒரு செய்தி. அதைப் படித்து முடிப்பதற்குள் மணி அடித்தது.

ஐந்து ஐம்பத்து இரண்டு. எனக்குத் தெரியாத தரைவழி எண்.

“வணக்கம், சேர்க்கை அலுவலகத்துல இருந்து பேசறோம்” என்றது ஓர் ஆண் குரல், தூக்கக் கலக்கம் மாதிரி களைப்போடு. “நாரே அவங்க வீட்டு ஆளுங்களா?”

“ஆமா. சித்தி. வச்சிராதீங்க சார்.”

“அவங்க பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்கா. மேல இருக்கா.”

“மேலன்னா மாடியிலயா?”

“குன்று மேல சார். நான் படிக்கட்டுல நிக்கிறேன். ஓடுறேன், இதோ ஓடுறேன்.”

“அம்மா, நீங்க சேர்றோம்னு சொன்னா செல்லாது. விண்ணப்பிச்சவங்களே சொல்லணும். எங்களுக்கு ஆறு மணி வரைக்கும்தான் நேரம், அதுக்குள்ள அடுத்தவங்களையும் கூப்பிடணும்.”

நாற்பத்தொன்பது வயது எனக்கு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் நின்ற இடத்தில் நிற்கும் தொழில். அந்தப் படிகளை எப்படி ஏறினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பேச்சை நிறுத்தினால் வைத்துவிடுவார் என்று மட்டும் ஒரு பயம், அதனால் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். மூணு தடவை எழுதியிருக்கா சார், சின்ன வயசுல இருந்தே நாய்க்குட்டின்னா உசிரு, எங்க சந்தைப் பூனைக்கெல்லாம் அவதான் வைத்தியம், நான் முள்ளங்கி நல்லா ஊறப்போடுவேன் சார், ஒரு டப்பா அனுப்புறேன். நடுவில் குரல் அறுந்தது. ஐயோ என்று நின்ற இடத்திலிருந்து இரண்டு படி கீழே இறங்கினேன். குரல் திரும்பி வந்தது.

“கேக்குதாம்மா? முள்ளங்கியெல்லாம் வேணாம். சீக்கிரம் குடுங்க.”

மண்டபம் தெரிந்தது. நாரே நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தாள், முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு. எதிரே கடலுக்கு அப்பால் பூசான் கட்டடங்கள் அத்தனை தெளிவாகத் தெரிந்தன. அவள் அதைப் பார்க்கவே இல்லை. போன் தரையில் கிடந்தது.

என் காலடி கேட்டு நிமிர்ந்தாள். “முடிஞ்சுது சித்தி. மூணு தடவை கூப்பிட்டுட்டாங்க. அஞ்சு பத்து, அஞ்சு பதினாலு, அஞ்சு இருபது. நான் வரதுக்கு முன்னாடியே முடிஞ்சுது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும். நான் திருப்பி அடிச்சா பிஸி…”

எனக்குப் பேச மூச்சு இல்லை. போனை அவள் காதில் வைத்து அழுத்தினேன்.

“ஹலோ?” என்றாள். பிறகு எழுந்து நின்றுவிட்டாள், வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல. “ஆமா. நான்தான் நாரே.” பிறந்த தேதியைச் சொன்னாள். விண்ணப்ப எண்ணைச் சொன்னாள், ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. அப்புறம் ஒரு நிமிஷம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவள் காதோடு என் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“சேர்றீங்களா?”

“சேர்றேன். சேர்றேன் சார். சேர்றேன்.”

“ஒரு தடவை சொன்னாப் போதும்மா. பதிவு பண்ணிட்டேன். வாழ்த்துகள்.” வைக்கப் போனவர் நிறுத்தினார். “உண்மையில முதல் ரெண்டு நம்பரையும் மும்மூணு தடவை அடிச்சாச்சு. மூணாவது நம்பரையும் ஒரு தடவை அடிச்சுட்டு விட்டுட்டோம். அடுத்தவங்களுக்குப் போகலாம்னுதான் இருந்தேன். அப்பத்தான் ஒருத்தர் போன் பண்ணி, நீங்க தீவுல மாட்டிக்கிட்டிருக்கீங்க, அஞ்சே முக்காலுக்கு மேல சிக்னல் கிடைக்கும், அப்ப இன்னொரு தடவை அடிங்கன்னு சொன்னாங்க. மூணாவது நம்பருக்குத்தான் தடவை பாக்கியிருந்துச்சு.”

“கடைப் பொண்ணு” என்றேன் நான். மகராசிக்குக் கடைசியில் லைன் கிடைத்துவிட்டதே என்று நெஞ்சு குளிர்ந்தது.

“யாரு சார்?” என்று கேட்டாள் நாரே.

“பேரு கேக்கலம்மா. தன்னோட இடத்தப் பத்தி விசாரிக்கத்தான் கூப்பிட்டாங்க. பத்தாம் எண்ணுன்னு சொன்னாங்க.”

இணைப்பு போய்விட்டது. சிக்னல் போயிற்றா, அவரே வைத்தாரா தெரியாது. மணி ஐந்து ஐம்பத்தேழு.

நாரேயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கட்டிப் பிடித்தோமா, குதித்தோமா, எதுவும் ஞாபகம் இல்லை. அக்கா படியேறி வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வந்துச்சா? சொல்லுங்கடி, வந்துச்சா?” என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. நாரே தலையை ஆட்டினாள். என் அக்கா, வாழ்நாளில் குரலை உயர்த்தாதவள், மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து ஒரே ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்குள் இத்தனை நாள் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் தரையில் கிடந்த நாரேயின் போன் துடிக்க ஆரம்பித்தது. பூசான் சிக்னல் அழைப்புக்கே தள்ளாடியது, இணையத்தை இழுக்கும் தெம்பு அதற்கு இல்லை. இப்போது முட்டை என் பையோடு பக்கத்தில் வந்துவிட்டது. முக்கால் மணி நேரமாகத் தேங்கிக் கிடந்த அரட்டையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. நாரே உட்கார்ந்தாள். நாங்கள் இரண்டு பக்கமும் குனிந்து படித்தோம். எல்லாம் பத்தாம் எண் எழுதியவை.

ஐந்து பதினைந்து: ‘ஒன்பது, ஏறிட்டீங்களா?’

ஐந்து இருபத்தைந்து: ‘நீங்க எடுக்கலைன்னா எனக்கு வரும். மறைக்க விரும்பலை, எனக்கும் ரொம்ப வேணும். நானும் மூணாவது தடவை.’

ஐந்து முப்பத்தாறு: ‘காலைல இருந்து அடிக்கிறேன், இப்பத்தான் ஆபீஸ் லைன் கிடைச்சது. எனக்கு வருமான்னு கேக்கத்தான் போட்டேன். சத்தியமா அதுக்குத்தான் போட்டேன். வாய் தொறந்தா உங்களப் பத்தியே வந்துருச்சு. என் வாய நானே அடிச்சுக்கணும்.’

ஐந்து ஐம்பது: ‘எனக்கு இன்னும் வரலை. வேகமா மிதிங்க.’

ஐந்து ஐம்பத்தெட்டு: ‘வரலை.’

கடைசியாக, ஆறு மணி: ‘முடிஞ்சுது. எனக்கு வரலைன்னா நீங்க எடுத்துட்டீங்கன்னு அர்த்தம். நல்லது. கொஞ்சம் அழுதுட்டு வரேன்.’

ஒரு மணி நேரத்துக்கு முன் அந்தப் பிள்ளையை என்னவெல்லாம் சொன்னேன் என்று எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். சைக்கிளைத் தள்ளும்போது சொன்னதை நாரேகூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது, இன்னும் ஓர் இடம், ஒரே ஓர் இடம் வைத்திருந்தால் இந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று.

நாரே நன்றி என்று எழுதி அழித்தாள். மன்னிச்சிருங்க என்று எழுதி அழித்தாள். கடைசியில், ‘உங்க பேர் என்ன?’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

அக்கா தன் கழுத்துத் துணியை அவிழ்த்து மகளின் ஈரத் தலையைச் சுற்றிக் கட்டினாள். வெளிச்சம் இறங்கி, எதிர்க்கரையில் பூசான் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. அந்த விளக்குகளுக்கு நடுவிலோ, அதற்கும் அப்பால் எங்கோ, ஒரு வீட்டில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

போன் துடித்தது.

‘அடுத்த வருஷம் அங்க வந்து சொல்றேன், சீனியர் அக்கா.’

அதுவரை அழாத நாரே, இடம் கிடைத்ததற்குக்கூட அழாதவள், இதற்கு அழுதாள். அக்காவும் அழுதாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, “தேர்வு நவம்பர்லதானே?” என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். “நல்லா சாப்பிடச் சொல்லு அந்தப் பிள்ளைய” என்றேன்.